கோட்டைக்கு ஏன் பேய்க்கதை வருகிறது?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், கோட்டை மலை கழுத்து வலிக்கிற உயரத்தில் நிற்கும். மண் ஒட்டாத கருங்கல் பாறை. அதன் இடுப்பில் ஒரு மதில், உச்சியில் ஒரு மதில், இடையிடையே இடிந்த கொத்தளங்கள். ஊரில் இதைச் சையத் பாஷா மலை என்பார்கள். மேலே தர்கா இருக்கிறது. பகலில் எல்லா மதத்துக்காரர்களும் ஏறுவார்கள். பொழுது சாய்ந்தால் யாரும் ஏற மாட்டார்கள்.

எனக்கு இந்த மலை முதலில் ஒரு சத்தமாகத்தான் அறிமுகம். மாங்காய் முற்றும் நாட்களில் தோப்பில் இராக்காவல் இருப்போம். கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆயா சொல்வார்: "நிலாக் காயிற ராத்திரியில மலை மேல கல்லு உருளுற சத்தம் கேக்கும். சத்தம்தான் வரும், கல்லு வராது. செத்த சிப்பாய்ங்க இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க. பொழுதோட வீடு வந்து சேருடா கண்ணு." பத்து வயதில் அதை அப்படியே நம்பினேன். இருபது வயதில் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினேன். பிறகு பாராமகாலின், அதாவது இந்தப் பகுதியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோதுதான், இரண்டு வயதிலும் ஆயா சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்று புரிந்தது.

பழைய கோட்டை என்று ஒன்று இருந்தால் கூடவே ஒரு பேய்க்கதையும் இருக்கிறது. ஏன்? அந்தக் கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வரலாறு படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி, நம் கிருஷ்ணகிரி, தருமபுரிக் கோட்டைகளை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

செவிவழிக் கதை என்றால் என்ன?

வரலாறு சான்று கேட்கும். கல்வெட்டு, செப்பேடு, கடிதம், கணக்குப் புத்தகம், வரைபடம், ஒன்றும் இல்லாவிட்டால் இடிந்த சுவராவது வேண்டும். செவிவழிக் கதைக்குச் சொன்னவர்தான் சான்று. அம்மா சொன்னாள், அவளுக்கு அவள் அம்மா சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அதைச் சும்மா பொழுதுபோக்குக்காகச் சொல்லும் கதையாக யாரும் சொல்வதில்லை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று தொடங்கும் கதை எந்த ஊரிலும் நடக்கலாம். செவிவழிக் கதை "இதோ இந்தக் கிணத்துல" என்று கை நீட்டிக் காட்டித்தான் தொடங்கும். சொல்பவர் அதை நடந்த சங்கதியாகவே சொல்வார்.

அதற்கென்று சில குணங்கள் உண்டு. இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், காலத்தை விட்டுவிடும். இருநூறு வருடமானாலும் ஆயிரம் வருடமானாலும் "அந்தக் காலத்துல" என்ற ஒரே சொல்தான். சின்னப் பெயர்களை மறந்து பெரிய பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் எந்த மலைக்கோட்டையைக் காட்டிக் கேட்டாலும் "திப்பு சுல்தான் கட்டினது" என்ற பதில்தான் வரும். விஜயநகரக் காலத்திலேயே இங்கே கோட்டைகள் இருந்தன. திப்பு ஆட்சிக்கு வந்தது 1782-ல். அவருக்கு முன்னால் மதில் எழுப்பிய பாளையக்காரர்களும் நாயக்கர்களும் கோட்டைத் தலைவர்களான கில்லேதார்களும் கதையிலிருந்து உதிர்ந்துபோய், கடைசியாக வந்த பெரிய பெயர் நின்றுவிட்டது. கதை சொல்பவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. வாய்மொழி நினைவு வேலை செய்கிற விதமே அப்படி.

பேய்க்கதை இந்தச் செவிவழிக் கதையில் ஒரு வகை. செத்தவர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை என்பதுதான் அதன் உள்ளடக்கம். யார் செத்தார், ஏன் போகவில்லை என்று கேட்கப் போனால் வரலாற்றின் வாசலுக்கே வந்துவிடுவோம்.

மலையில் உண்மையில் என்ன நடந்தது?

பாராமகால் என்ற பெயரில் உள்ள "பாரா" உருது, இந்தியில் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட நாடு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று பட்டியல் போகும். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெகதேவராயர் விஜயநகர அரசருக்குக் கீழ் இந்த நாட்டை ஆண்டார். ஜெகதேவி ஊரின் பெயரில் அவர் இன்னும் இருக்கிறார். அதன் பிறகு பல கைகள் மாறி, 18-ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியிடம் வந்து சேர்ந்தது.

ஏன் எல்லோருக்கும் இந்த நாடு வேண்டியிருந்தது என்றால், மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கிழக்கே தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இந்தப் பக்கம்தான். இன்று பெங்களூரிலிருந்து சென்னைக்கும் சேலத்துக்கும் போகிற லாரி எல்லாம் கிருஷ்ணகிரியில் வந்து பிரிகிறது அல்லவா, அன்றைக்குப் படைகளுக்கும் இதேதான் வழி. வழியில் இருந்தவர்களுக்கு நிம்மதி இல்லை. 1767-ல் காவேரிப்பட்டினத்தில் சண்டை நடந்தது. அதே ஆண்டு கிருஷ்ணகிரிக் கோட்டையை ஆங்கிலேயர் தாக்கித் தோற்றார்கள். அடுத்த ஆண்டு இப்பகுதிக் கோட்டைகள் அவர்கள் கைக்குப் போயின. 1769 சென்னை உடன்படிக்கையில் ஹைதரிடமே திரும்பி வந்தன. கோட்டை கைமாறும் ஒவ்வொரு தடவையும் கீழே இருந்த வயலும் மாடும் வீடும் என்ன ஆயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்புறம் 1791. மூன்றாம் மைசூர்ப் போர். ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயரிடம் விழுந்தன. அக்டோபர் கடைசியில் லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல் தன் படையோடு பென்னாகரத்துக் கோட்டையை ஏணி வைத்து ஏறிப் பிடித்தார். உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் வெட்டுப்பட்டார்கள். அங்கிருந்து நேரே கிருஷ்ணகிரி. நவம்பர் 7-ஆம் தேதி இரவு.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். முழுநிலவுக்குச் சில நாட்களே இருந்தன. வளர்பிறை வெளிச்சம் பாறை முழுக்க விழுந்திருந்தது. மேக்ஸ்வெல்லின் ஆட்கள் முதலில் அடிவாரப் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டார்கள். தப்பி மேலே ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே, அவர்களோடு ஒன்றாக மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று ஓடினார்கள். நூலிழையில் கதவு சாத்தப்பட்டது. ஏணிகளைச் சுவரில் சாத்தினார்கள். மேலே இருந்தவர்கள் பீரங்கியை நம்பவில்லை, கல்லை நம்பினார்கள். பெரிய பெரிய பாறைகளைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். ஏணியும் நொறுங்கியது, ஏணியில் இருந்தவர்களும் நொறுங்கினார்கள். நிலா வெளிச்சத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தார்கள். இரண்டு மணி நேரம் போல முயன்றுவிட்டு மேக்ஸ்வெல் பின்வாங்கினார். போகும்போது பேட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

கோட்டை கடைசி வரை சண்டையில் விழவில்லை. அடுத்த மார்ச்சில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை எழுதிக் கொடுத்தபோது, அந்தக் கதவு காகிதத்தில் திறந்தது.

ஆயாவின் கதையில் நிலா, கல் உருளும் சத்தம், சிப்பாய்கள். 1791-ன் இரவிலும் அதே மூன்றும். முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயாவின் வாயில் ஒரு போர் இருநூறு வருடம் உயிரோடு இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். கதையையும் வரலாற்றையும் படித்துப் பழகும் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். ஒரு கதைத் துண்டும் ஒரு வரலாற்றுத் துண்டும் பொருந்தினால் உடனே கோத்து மாலையாக்கிவிடத் தோன்றும். ஆனால் வேறு விளக்கமும் இருக்கிறது. கருங்கல் பாறை பகல் வெயிலில் சூடேறி விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்து மேல்தோல் பொருக்குப் பொருக்காக உரியும், பிளக்கும், துண்டுகள் சறுக்கி விழும். கோட்டை மதிலோ மொட்டைப் பாறை மேல் அடுக்கியது, அதிலிருந்தும் கற்கள் உதிர்கின்றன. நிலா இரவில் மக்கள் வெளியே கிடப்பார்கள், அதனால் நிலா இரவில்தான் சத்தம் காதில் விழும். மலையே கதைக்குப் போதும், மேக்ஸ்வெல் தேவையில்லை.

அப்படியானால் எது சரி? சத்தம் மலையுடையதாக இருக்கலாம், "சிப்பாய்ங்க" என்ற சொல் மனிதர்களுடையதாக இருக்கலாம். இயற்கை ஒரு சத்தத்தைக் கொடுக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை ஊரின் நினைவு முடிவு செய்கிறது. வேறொரு மலையில் இதே சத்தத்தை முனி நடக்கிறது என்பார்கள், பூதம் உருட்டுகிறது என்பார்கள். இங்கே செத்த சிப்பாய் என்கிறார்கள். இந்தத் தேர்வு எங்கிருந்தோ வந்திருக்கிறது. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை.

சுரங்கம், புதையல், காவு

கோட்டைக் கதைகளைக் கொஞ்சம் சேகரித்தால் ஒன்று கவனத்துக்கு வரும். ஊர் மாறும், கதை மாறாது. நாட்டார் வழக்காற்றை ஆராய்கிறவர்கள் இப்படித் திரும்பத் திரும்ப வரும் துண்டைக் கதைக்கூறு என்பார்கள். தாயக்கட்டை மாதிரி, அதே காய்களை வேறு கட்டங்களில் நகர்த்துவது.

சுரங்கப்பாதை எல்லோருக்கும் தெரிந்த கதைக்கூறு. "இந்தக் கோட்டையில இருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுரங்கம் போகுது. திப்பு குதிரையிலேயே போவாராம். ஆடு ஒண்ணு உள்ள போயி அங்க வெளிய வந்துச்சாம்." கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் சாலை வழியில் 200 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் இருப்பதெல்லாம் கருங்கல். உளியும் சம்மட்டியும் வைத்து அதைக் குடைய எந்த அரசாலும் முடியாது. ஆனால் சுரங்கம் மாதிரி ஒன்றைப் பார்க்காமலா இந்தக் கதை பிறந்தது? மலைக்கோட்டையில் இருட்டான வாய்கள் பல இருக்கின்றன. வெடிமருந்து வைத்த மருந்துக்கிடங்கு, வெயிலும் தீயும் படக்கூடாது என்று சன்னல் இல்லாமல் கட்டியது. தானியக் கிடங்கு. மழைநீரைச் சுனைக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். முற்றுகையின்போது ஆள் நழுவி வெளியேற மதிலில் விட்ட குறுகலான திட்டிவாசல். இடிந்து, பாதி தூர்ந்து, வௌவால் நாற்றத்தோடு இருக்கும் இதில் ஒன்றைப் பார்க்கும் சிறுவனுக்கு அது எங்கேயோ போகிற வழி. எங்கே போகும் என்ற கேள்விக்கு ஊருக்குத் தெரிந்த மிகப் பெரிய இடம்தான் பதில். அதுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். அன்றைய அதிகாரம் முழுக்க அங்கிருந்து வந்தது என்ற உண்மை இந்த நடக்காத சுரங்கத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

புதையல் கதை எனக்குப் பிடிக்காது, காரணம் சொல்கிறேன். மற்ற கதைகள் மக்களைக் கோட்டையிலிருந்து தள்ளி நிறுத்துகின்றன, இது கடப்பாரையோடு கூட்டி வருகிறது. பாம்பு காக்கிறது, அமாவாசையில் காவு கொடுத்தால் வழிவிடும் என்று நம்பி இராத்திரியில் தோண்டுகிறார்கள். கல்வெட்டைப் பெயர்த்துப் போடுகிறார்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ன் புதையல் சட்டம் சொல்கிறது. இராயக்கோட்டை போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் இருக்கட்டும். முற்றுகைக்கு ஓடி வந்த ஒரு காவல்படை தங்கத்தைப் புதைத்து வைக்கும் நிலையில் இருந்ததா என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். அவர்களுக்கு அரிசிதான் கவலை.

காவு கதை வேறு மாதிரி. "மதில் கட்டக் கட்டச் சரிஞ்சுது. உயிர்ப் பலி கொடுத்தப்புறம்தான் நின்னுது." அணைக்கட்டு, பாலம், ரயில் பாதை என்று பெரிய கட்டுமானம் எதற்கும் இந்தக் கதை ஒட்டிக்கொள்ளும். வழுக்குப் பாறைச் சரிவில் கல் அடுக்கினால் சரியத்தான் செய்யும். சரிந்தபோது அடியில் இருந்தவர்கள் செத்திருப்பார்கள். கூலிக்கும் கட்டாயத்துக்கும் கல் சுமந்தவர்களின் சாவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. காவு கதையை நான் அந்தக் கணக்காகத்தான் படிக்கிறேன். கட்டடம் நிற்க ஆள் செத்தான் என்பது சொல்லளவில் புரட்டு, பொருளளவில் உண்மை.

வெள்ளை உருவம் பறந்தது, குழந்தை அலறியது போலக் கேட்டது என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இடிந்த கட்டடங்களில் குடியிருக்கும் கூகை. இதய வடிவ வெள்ளை முகம், சிறகடிக்கும் சத்தமே வராமல் பறக்கும், கத்தினால் ஈரக்குலை நடுங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைக்கோட்டைச் சுனைகள் ஆழமானவை, ஓரம் பாசி பிடித்தவை. மதில் விளிம்பில் கால் வைத்தால் கல் பெயரும். தண்ணீரைப் பார்த்து ஓடுகிற பிள்ளையை "பாசி வழுக்கும்" என்று சொல்லித் தடுக்க முடியாது. "உச்சி வேளையில சுனையில காத்து கருப்பு இருக்கும்" என்றால் நிற்கும். வேலி போட வசதியில்லாத ஊர் பயத்தால் வேலி போட்டது. அந்த வேலியால் பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ.

கல் நட்டால் சாமி

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் நடுகல் செறிவாகக் கிடைக்கும் பகுதிகளில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி முக்கியமானவை. ஆநிரையைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன், அவனுக்கு ஒரு கல். கல்லில் வில்லும் வாளுமாக அவன் உருவம், பல கற்களில் எந்த அரசனின் எந்த ஆண்டு, யார் மகன், எந்தச் சண்டை என்ற எழுத்து. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். தகடூரை, அதாவது தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாட்டாக இருக்கிறது. மலை ஓங்கிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இப்போது மயிற்பீலி சூட்டிய நடுகல் முன்னே சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளை ஏற்றுக்கொள்வானோ என்று கேட்கிறார். அழுகைதான், ஆனால் கேள்வியைக் கவனியுங்கள். கல்லுக்குள் அவன் இருக்கிறான், கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டுதான் கேட்கிறார்.

இந்தக் கற்கள் பலவற்றை இன்று நம் மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கல் வைத்து, கிடா வெட்டி, பிள்ளைக்கு வேடியப்பன் என்றே பெயரும் வைக்கிறார்கள். செத்தவனின் பெயர் மறந்துவிட்டது, மரியாதை மறக்கவில்லை. அகால மரணம் அடைந்தவன் கல் கிடைத்ததால் சாமியாகி ஊருக்குக் காவல் நிற்கிறான்.

கோட்டைச் சண்டைகளில் செத்தவர்களுக்கு யார் கல் நட்டார்கள்? ஆங்கில அதிகாரிகளின் பெயர் இராணுவக் குறிப்புகளில் இருக்கும். அவர்களுக்குக் கீழே இருந்த நம் சிப்பாய்கள் எண்ணிக்கையாக இருப்பார்கள். கதவுக்கு உள்ளே நின்று கல் உருட்டியவர்களுக்கு அந்த எண்ணிக்கையும் இல்லை. ஓசூர்க் கோட்டையை ஹாமில்டன் என்ற ஆங்கிலக் கைதியை வைத்துத் திப்பு கட்டினார், பிறகு அவர் தலை வெட்டப்பட்டது என்று ஒரு கதை வழிவழியாக வருகிறது. அந்த ஒரு கைதிக்குப் பெயர் இருக்கிறது. அவரோடு மண் சுமந்தவர்கள் யாருக்கும் இல்லை. ஊருக்குத் தூரத்தில், கூலிக்கு வந்த படையில், சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாமல், கல் இல்லாமல் சாவு. நம் நம்பிக்கைப்படி அப்படிச் செத்தவன் எங்கே போவான்? போக இடமில்லை, அங்கேயேதான் சுற்றுவான்.

ஒரே மண்ணில் ஒரே மாதிரி சாவு. கல் நட்டால் சாமி, நடாவிட்டால் பேய். கோட்டைக்கு ஏன் பேய்க்கதை வருகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதற்கு மறுப்பாக ஒன்று என் மனதில் வந்துகொண்டே இருக்கிறது, அதையும் வைத்துவிடுகிறேன். பெயரில்லாச் சாவுதான் காரணம் என்றால் தாது வருஷப் பஞ்சத்துக்கு அல்லவா அதிகப் பேய்க்கதை இருக்க வேண்டும்? 1876 முதல் 78 வரை அன்றைய சேலம் மாவட்டம் முழுக்க மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நம் இரண்டு மாவட்டங்களும் அன்று அதற்குள்தான். கோட்டைச் சண்டைகளில் செத்தவர்களை விட அது எத்தனையோ மடங்கு. ஆனால் பஞ்சத்துப் பேய் என்று ஒரு கதையும் நான் கேட்டதில்லை. பஞ்சம் எல்லா இடத்திலும் நடந்தது, அதனால் கை நீட்டிக் காட்ட ஓர் இடம் இல்லை. செவிவழிக் கதைக்கு இடம் வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கோட்டை இடிந்தாலும் நிற்கிறது. நிற்பதால் நினைவு வந்து அதில் தங்குகிறது.

ஓசூரில் ஒரு கெனில்வொர்த்

இது நம் மண்ணின் குணம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் உதாரணம் ஓசூரிலேயே கிடைக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். இங்கிலாந்தின் வாரிக்‌ஷரில் உள்ள கெனில்வொர்த் கோட்டை மாதிரி. ஊர்க் கதை இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறது. கெனில்வொர்த் போல ஒரு வீடு இருந்தால்தான் இந்தியாவுக்கு வருவேன் என்று அவர் மணக்க இருந்த பெண் சொன்னாளாம், அவளுக்காகக் கட்டினாராம். மனைவி, மாளிகை, ஏமாற்றம் என்று போகிற கதை. மாளிகையில் இன்று மிஞ்சியது சொற்பம்.

அசல் கெனில்வொர்த்தின் கதையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை அது. 1563-ல் எலிசபெத் ராணி அதை ராபர்ட் டட்லிக்குக் கொடுத்தார். 1575-ல் ராணி அங்கே வந்து 19 நாள் தங்கினார். உள்நாட்டுப் போருக்குப் பின், 1649-ல், மறுபடி யாரும் படை வைத்துக்கொள்ள முடியாதபடி அதை வேண்டுமென்றே இடித்தார்கள்.

டட்லியின் முதல் மனைவி ஏமி ராப்சார்ட். 1560 செப்டம்பர் 8 அன்று கம்னர் என்ற ஊரில் ஒரு வீட்டு மாடிப்படியின் அடியில் செத்துக் கிடந்தாள். விபத்து என்று விசாரணை முடிவு சொன்னது. ராணியை மணக்க ஆசைப்பட்டுக் கணவனே கொன்றான் என்று ஊர் பேசியது. அவள் ஆவி அங்கே நடமாடியதாகவும், ஒன்பது பாதிரியார்கள் வந்து அதை ஒரு குளத்தில் அடக்கியதாகவும், அன்றிலிருந்து அந்தக் குளம் பனிக்காலத்திலும் உறைவதில்லை என்றும் அங்கே கதை. நம் ஊரில் மந்திரவாதி பேயைப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதில் கவனிக்க வேண்டியது ஆண்டுகளை. கோட்டை டட்லிக்குக் கிடைத்தது ஏமி செத்து மூன்று வருடம் கழித்து. ஆனால் 1821-ல் வந்த, பெரும்புகழ் பெற்ற ஒரு நாவல் அவளை 1575-ன் கெனில்வொர்த் விழாவுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. படித்தவர்கள் மனதில் ஏமியும் கெனில்வொர்த்தும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டார்கள். எழுத்து வந்தால் செவிவழிக் கதை செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அச்சிட்ட கதையும் ஒரு கோட்டைக்கு அதில் இல்லாத பெண்ணைக் குடிவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எழுதி வைத்த மனிதர்களும் கதைக்குள் போய்விடுவது உண்டு. பாராமகால் ஆங்கிலேயரிடம் வந்ததும் தருமபுரியில் இருந்து ஏழு வருடம் நிலவரி வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. கணக்கும் கடிதமுமாக வாழ்ந்த மனிதர். பிற்பாடு மந்திராலயத்துக்குப் போனபோது, அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னால் பிருந்தாவனம் அடைந்த ராகவேந்திர சுவாமிகள் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பேசினார் என்று பக்தர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கேட்பது எப்படி?

உங்கள் ஊர்க் கோட்டைக்கும் ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லும் பெரியவர் இன்னும் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். பேய் உண்டா இல்லையா என்று விவாதிக்க வேண்டாம், அதில் கதை நின்றுவிடும். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். "முனி" என்றாரா, "சிப்பாய்" என்றாரா, "துலுக்கர் படை" என்றாரா, "கும்பினிக்காரன்" என்றாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த இடத்தைக் கை காட்டுகிறார் என்று குறியுங்கள். பிறகு பகலில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள், அது மருந்துக்கிடங்கா, சுனையா, வாசலா. பெரும்பாலும் ஏதாவது ஒன்றாக இருக்கும். கோட்டை ஏறுவதாக இருந்தால் காலையில் ஏறி வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், சுனை ஓரம் கால் வைக்காதீர்கள். சுவரில் பெயர் எழுதாதீர்கள்.

கடைசியாக, யாரிடம் கேட்டீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் ஆயாவிடம் கேட்க ரொம்ப வருடம் ஆயிற்று. கல் உருளும் கதையை அவர் தன் அம்மாவிடம் கேட்டாராம். அந்த அம்மா தன் மாமியாரிடம் கேட்டாராம். மாமியாருக்கு எப்படித் தெரியும் என்றேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அவங்க வூடு பேட்டையில இருந்துதாம். எரிஞ்சு போச்சாம். எப்பன்னு எனக்கு என்ன தெரியும்?"